தலைவர் படமும் ஒற்றை ஆணியும்

கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். முகத்தைக் கனமாக வைத்துக்கொள்ளும் மனிதர்கள் மட்டும் சற்று வேகமாக விழுகிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரப்பாக்கத்தில் எங்கள் நகரின் நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் நாகலிங்கம் சார் மாரடைப்பில் காலமானார். அவர் மனைவி சரோஜா அக்கா அதன்பின் வாசலுக்குக்கூட வரவில்லை. ஒரு சொட்டு அழவுமில்லை. சில மாதங்கள் கழித்து, சங்கத்தில் வைத்த படத்திறப்புக்கு அழைக்கப் போனபோது, "ஒரு குறையும் வராதுக்கா" என்று வாக்குக் கொடுத்தேன். (நிகழ்ச்சி நிரலை நானே தட்டச்சு செய்திருந்த தைரியம்.)

சங்க அறையின் புதுச்சுவரில் ஒற்றை ஆணியில் படம் தொங்கியது. தெருவுக்கு ஒரு மாலை, தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. வாடாமலிருக்கத் தண்ணீரில் நனைத்தே கொண்டுவந்திருந்தார்கள்.

"சார், மாலை செம வெயிட்டு. ஒண்ணு ரெண்டு எடுத்துடலாமா?" என்றார் பொருளாளர் செல்வராஜ்.

"யாரோடத எடுப்பீங்க? மூணாவது தெருவோடதையா? அப்புறம் அவங்க சந்தா கட்டுவாங்களா? நன்றியுரை முடியற வரைக்கும் தொடக்கூடாது. அதான் முறை."

"முறை சரி சார். ஆணி தாங்கணுமே?"

ஒரு பார்வை பார்த்தேன்.

மௌன அஞ்சலி தொடங்கியது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். கடிகாரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். ஆகவே ஆணி மெல்லத் தலைசாய்ப்பதை நான் மட்டுமே பார்த்தேன். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். அஞ்சலியின் நடுவே செயலாளர் ஓடுவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. புவியீர்ப்பு விசை சங்க விதிகளைப் படித்ததில்லை.

படம் மாலைகளோடு விழுந்து கண்ணாடி நொறுங்கியது. முன்வரிசையில் அக்கா. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மௌனம் முடிய இன்னும் நேரமிருந்ததால் மூடிக்கொண்டேன்.

அக்கா எழுந்து வந்து, தரையில் கிடந்த கணவரைக் குனிந்து பார்த்தார்.

"எந்த மீட்டிங்ல இவரு கடைசி வரைக்கும் இருந்திருக்காரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அழுகையாயிற்று. பெண்கள் ஓடிவந்து தாங்கிக்கொள்ள, மாதக்கணக்கில் தேங்கியிருந்ததையெல்லாம் அங்கேயே அழுது தீர்த்தார். நிகழ்ச்சி நிரலில் அதற்கு நான் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

என் மனைவி அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இன்றும் நான் முகத்தை இறுக்கிக்கொண்டு வீட்டில் ஏதேனும் முறையை விளக்கத் தொடங்கினால், பேரப்பிள்ளைகள் முன்னிலையிலேயே அறிவிக்கிறாள்: "உங்க படத்த மட்டும் செவுத்துல மாட்ட மாட்டேன். நாற்காலியில சாய்ச்சுதான் வெப்பேன்."

உரிய நேரத்தில் ஆட்சேபணை தெரிவிக்க எனக்கு வசதிப்படாது என்பதால், இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.