கொதிக்கிற ரத்தமும் குளிர்ந்த காலும்

என் கால் விஷயத்தில் இனி யாரும் தலையிடக் கூடாது! ஸ்ஃபாக்ஸ் நகரமே அதிரும்படி அன்று சபதம் போட்டேன். நகரம் கேட்டதோ இல்லையோ, என் மனைவி சல்ஹா கேட்டுவிட்டாள். அதுதான் வினை.

எல்லாம் ஒரு செருப்பால் வந்தது. எனக்கு ஆலிவ் எண்ணெய்க் கடை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். நடுவில் ஹுக்கா மட்டும் ஓயாது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பாதமும் கிணற்றுக் கல் மாதிரி சில்லிட்டுப் போயின. வீட்டில் கரியடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சல்ஹா அடுக்களையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"செருப்பு எரியுதுங்க! உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. கையில் இருந்ததை என் கால்மேல் கொட்டினாள். ஊறவைத்த கொண்டைக்கடலை, தண்ணீரோடு. கட்டைவிரல் கொப்பளித்திருந்தது. சத்தியமாக வலிக்கவே இல்லை.

மறுநாள் டாக்டரம்மா என் பாதத்தை அழுத்தி அழுத்தி நாடி தேடினார்.

"ரத்தக் குழாய் சுருங்கிப்போச்சு. காலுக்கு ரத்தம் சரியாப் போகலை. அதான் சில்லிப்பு, மரப்பு. நடந்தா கெண்டைக்கால் இழுக்குமே? இப்படியே விட்டா புண் ஆறாது, விரலை எடுக்க வேண்டிவரும். புகையை விடுங்க. புண் ஆறினதும் தினம் நடங்க. வலிச்சா நில்லுங்க, வலி போனா மறுபடி நடங்க."

"எனக்கு ரத்தம் கொதிச்சிக்கிட்டிருக்கு! அது எப்படி ஓடாம இருக்கும்?" என்று கத்தினேன்.

"கொதிக்கிறதெல்லாம் வாய்க்குப் போயிடுது டாக்டர். காலுக்கு மிச்சமில்லை," என்றாள் சல்ஹா.

வீட்டு வாசலில் சண்டை வெடித்தது.

"ரத்தம் ஓடலைன்னா என்னை ஏண்டி ஓடச் சொல்றே? நான் நடக்க மாட்டேன்."

"நடக்காதீங்க! உங்கப்பா ஒத்தைக் காலோட கிடந்தப்போ தூக்கி உட்கார வச்சது யாரு? உங்க தங்கச்சியா? இன்னொரு தடவை என்னால முடியாதுங்க!"

கதவை அறைந்து சாத்தினாள். மூடிய கதவைப் பார்த்துத்தான் அந்தச் சபதத்தைப் போட்டேன். கோபம் இரட்டிப்பானது.

புண் ஆறியது. நான் திட்டத்தோடு எழுந்தேன். "நடக்கப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, தெருமுனையில் தாஹர் வைத்திருக்கும் காபிக் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"ஹுக்கா கொண்டா."

"கிடையாது அண்ணே. அண்ணி வந்திருந்தாங்க."

"கடை உன்னுதா, அவளுதா?"

"என்னுதுதான். ஆனா என் பெண்டாட்டியும் அண்ணியும் ஒண்ணா உட்கார்ந்து மிளகாய் அரைக்கிறாங்க. என் கண்ணுல தேய்ச்சிட்டா?"

கோழை! பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைவாசல் கடைக்குப் போனேன். கெண்டைக்கால் இழுத்தது. நின்றேன், அவளைத் திட்டினேன். வலி போனது. நடந்தேன்.

"அண்ணி வந்திருந்தாங்க."

மறுநாள் மீன் சந்தை. அங்கேயும் வந்திருந்தாள். அதைத் தாண்டிய கடையிலும் வந்திருந்தாள். நான் எவ்வளவு தூரம் போனாலும் எனக்கு முன்னால் போயிருந்தாள். தினம் வைராக்கியமாகக் கிளம்பினேன். தினம் புகையில்லாமல் திரும்பினேன். குளிர்காலம் முழுக்க ஊரையே அளந்தேன். யாராவது சிரித்தால் சண்டைக்குப் போனேன்.

வசந்தத்தில் ஒருநாள் துறைமுகம்வரை போய்விட்டேன். வழியில் எங்கும் நிற்கவே இல்லை என்பதைக்கூடக் கோபத்தில் கவனிக்கவில்லை. செருப்புக்குள் ஒரு கல் உறுத்தியது. உதறினேன். இரண்டடி வைத்த பிறகுதான் திடுக்கிட்டேன். உறுத்தியதா? என் காலிலா?

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கடைசிப் படகையும் தாண்டி ஒரு காபிக் கடை. முதலாளி முகம் புதிது. அவருக்கும் என் முகம் புதிது. ஜெயித்துவிட்டேன்!

"ஒரு ஹுக்கா!" என்று கர்ஜித்தேன்.

முதலாளி ஜன்னலோர மேஜையைக் காட்டினார். அங்கே சல்ஹா புதினா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? ஒரு டீ குடிச்சிட்டு மெல்ல நடந்து வாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."