எண் ஒன்று முழங்கால்

அன்புள்ள மைத்துனருக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் சொல் உண்மையாகுமா என்ற ஐயத்தில் நிறுத்திவிட்டேன். தாங்கள் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் அக்காவை ஒரு மாதம் அங்கே அனுப்பக் கேட்டிருந்தீர்கள். அனுப்ப இயலாத காரணத்தைப் பணிவுடன் விளக்குகிறேன். சென்ற மாதம் எனக்கு முழங்காலில் லேசான வலி. துணைக்கு வந்தவளுக்கும் சேர்த்தே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் பதிவறையில் கோப்புகளுக்கு எண் போட்டவன் அல்லவா, இரண்டு படங்களின் மூலையிலும் சீட்டு ஒட்டி, எனக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு என்று எழுதித்தான் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு வெள்ளையாத் தெரியுது பாருங்க. நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு படத்துல விழாது சார், வெறும் இடைவெளியாத்தான் தெரியும். உங்களுக்கு அந்த இடைவெளியே இல்ல!" எலும்பு உடைந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், அதற்கு ரத்த ஓட்டம் உண்டாம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, தேய்ந்தால் தேய்ந்ததுதானாம். இரண்டாம் படத்தைப் பார்த்து, "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லா நடக்கலாம்" என்றார்.

அன்றுமுதல் நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. வலி மறுநாளே நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது என்று படித்தேன். ஆகவே வலிக்காமலிருப்பதே நோய் முற்றியதற்கு அடையாளமோ என்று அஞ்சுகிறேன். பால், பேப்பர், மாத்திரை, மறந்துவிட்டு வந்த மாத்திரைச் சீட்டு எல்லாவற்றுக்கும் உங்கள் அக்காதான் ஏறி இறங்குகிறாள். நேற்று நாலாம் தடவை ஏறும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. எலும்பு தேஞ்சாலும் தேயும், உங்க சந்தேகம் மட்டும் தேயவே தேயாது" என்றாள். இந்நிலையில் அவளை எப்படி அனுப்புவேன்? என்னைக் கல்நெஞ்சனாக எண்ண வேண்டாம். சான்றாக என் படத்தையும் இத்துடன் வைக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோருடைய மூட்டுகளும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: படத்தை உறையில் போடும்போது நான் ஒட்டிய 'ஒன்று' சீட்டு உரிந்து கையோடு வந்தது. அடியில் அச்சாகியிருந்த பெயர் உங்கள் அக்காவுடையது. அவளிடம் காட்டினேன். "வலிச்சுதுதான். டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரேன்னு சொல்லலீங்க" என்று பால் வாங்கப் பையை எடுத்தாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். மேலே கண்டவை யாவும் ரத்து. உடனே கார் கொண்டுவந்து அழைத்துப்போகவும். பால் வாங்கி வந்துவிட்டேன். நாற்பத்திரண்டு படிகள். எல்லாவற்றுக்கும் எண் போட்ட நான், இதை இன்றுதான் எண்ணினேன்.