சேற்றில் இறங்கிய எண்கோடு

கணக்கு வராதவர்களால் யாருக்கும் பெரிய சேதம் வந்ததில்லை. சேதமெல்லாம், கணக்கை ஊருக்கே புரியவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்புகிறவர்களால்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அப்படி ஒரு தடவை கிளம்பியவள்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் பள்ளியில் எனக்கு முதல் வேலை. கணக்கு டீச்சர். பத்தாவது வரை இருந்த பள்ளியில் அடுத்த வருடம் பதினொன்றாவது தொடங்கப்போகிறார்கள், அதில் கணக்குப் பிரிவு எனக்கு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சேர்ந்த பிறகுதான் நிபந்தனை வந்தது. பெற்றோர் கூட்டம் முடிவதற்குள் பத்துப் பிள்ளைகளாவது பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரிவும் கிடையாது, நானும் கிடையாது.

பிள்ளையார்குப்பத்தில் அவ்வளவு பெரிய மருத்துவக் கல்லூரி கண்ணெதிரே நிற்கும்போது எந்த அப்பா கணக்குப் பிரிவைக் கேட்பார்? எல்லார் வீட்டிலும் டாக்டர்தான் பிறந்திருந்தார்கள். (அதில் பாதி டாக்டர்கள் என் வகுப்பில் வகுத்தலுக்கே முழித்துக்கொண்டிருந்தார்கள்.) போதாக்குறைக்குப் பாடத்திட்டம் வேறு மாறிய புதிது.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் கணக்குல இன்னாதான் சொல்லித் தர்றோம்னு கூட்டத்துல நீயே வெளக்கிடு. பெத்தவங்களுக்குப் புரியணும்."

"பிரமாதமா பண்ணிடலாம் சார்" என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே பிரமாதம்தான்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு எண்கோடு போட்டேன். பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எண்களாக நிற்பார்கள். வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறாவது. இடையிடையே அரை, முக்கால் என்று ஏழாவதும் எட்டாவதும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ரூட் டூவாக ஒன்பதாவது பையன் ஒருவன். ஆறாவதில் போடும் கோடுதான் பன்னிரண்டாவது வரைக்கும் வருகிறது, வருடாவருடம் நடுவில் ஆட்கள் மட்டும் கூடுகிறார்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம் என்பது திட்டம்.

மைனஸ் பக்கத்துக்கு விவரமான பிள்ளைகள் வேண்டும் என்று பத்தாவதை நிறுத்தினேன். அதாவது, எந்தப் பெற்றோரின் தயவில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்ததோ, அவர்களுடைய பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து மைனஸில் போட்டேன். (இந்தப் புத்தி எல்லோருக்கும் வாய்க்காது.) பூஜ்யத்துக்கு யாருமே வரவில்லை. அந்த அட்டையை நானே மாட்டிக்கொண்டேன்.

கூட்டத்தில் ஆரம்பம் நன்றாகத்தான் போனது. பிறகு பனித்திட்டுப் படகுக்காரர் ஒருவர் எழுந்தார். யாழினியின் அப்பா. யாழினி மைனஸ் மூன்று.

"மிஸ், எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? மைனஸ்ல நிக்க வெச்சிருக்கீங்க?"

"தப்பெல்லாம் இல்லைங்க. மைனஸ்னா..." புத்தகத்தில் இதற்குக் கடன்தான் உதாரணம். நாலு பேர் நடுவில் ஒரு மனிதரிடம் கடன் பேச்சை எடுப்பது மரியாதையா? நாகரிகமாக வேறு உதாரணத்துக்குத் தாவினேன். "கடல் மட்டம் இருக்குதுல்லீங்க, அதுதான் பூஜ்யம். அதுக்கு மேல பிளஸ். கீழ போனா மைனஸ்."

அன்றாடம் கடலுக்குப் போய் வருகிற மனிதர்.

"அப்ப எம் பொண்ணு கடல்ல முழுகிக் கெடக்குதுன்றீங்க?"

"மூணு மீட்டர்தாங்க" என்றேன்.

அதன் பிறகு என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மைனஸ் ஏழின் அப்பா, பாகூர் கரும்பு விவசாயி, விறுவிறுவென்று வந்து, "வாடா அந்தாண்ட!" என்று மகனை இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டி பிளஸ் பக்கம் போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். மற்ற மைனஸ்களும் பின்னாலேயே கிளம்பின. ஏற்கெனவே பிளஸில் இருந்தவர்களுக்குப் பொறுக்குமா? "நேத்து வந்தவன் பெரிய நம்பரு, எம் புள்ள ஆறா?" என்று ஒருவர். "இன்னும் தள்ளி நில்லுடி!" என்று ஓர் அம்மா. ரூட் டூவின் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு ஒரு முழு நம்பர் குடுக்கக் கூடாதா மிஸ்?" என்று கெஞ்சினார்.

எண்கோடு முடிவில்லாமல் நீளும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எங்கள் மைதானம் நீளாது. வலது கோடியில் சுற்றுச்சுவர் இன்னும் எழுப்பவில்லை. வரப்புதான் எல்லை, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் கட்டிய நாற்றங்கால். கடைசியில் நின்ற பையன் முதலில் விழுந்தான். அவனைப் பிடிக்கப் போனவன் அடுத்து, இவனைப் பிடிக்கப் போன இவன் அம்மா அதற்கடுத்து. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ஓடிய பூஜ்யம் புதுப் புடவையோடு சேற்றில் உட்கார்ந்தது. என்னைத் தூக்கிவிடக் கை நீட்டிய தாளாளரும் வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நாற்றங்கால்காரர் வரப்பில் ஓடிவந்தார். "யோவ்! நாத்துய்யா அது! நாளான்னிக்கு நடவுய்யா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனது நிச்சயம். வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது? கண்ணைத் துடைக்கக்கூட கையில் சுத்தமான இடம் இல்லை.

அப்போதுதான் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் கோட்டில் ஒரே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மைனஸ் மூன்று.

பிள்ளைகளைத் தூக்கிவிட வந்திருந்த அவள் அப்பா வரப்பிலிருந்து கத்தினார். "யாழினி! நீ இன்னா பண்ற அங்க? வா இந்தாண்ட!"

"நான் நவுந்துட்டா மைனஸ் மூணுக்கு யாருப்பா? இது என் இடம்" என்றாள்.

அவர் சேற்றில் கிடந்த எங்களைப் பார்த்தார். மடிப்புக் கலையாத யூனிஃபார்மில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு தாளாளர் பக்கம் குனிந்து, "சார், எம் பொண்ணு பேர கணக்குல எழுதிக்குங்க. முழுகாம நிக்கிறது அது ஒண்ணுதான்" என்றார்.

அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தேன்.

கரும்பு விவசாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவரு பொண்ணு எடுக்கும், எம் புள்ள எடுக்க மாட்டானா? எழுதுங்க சார்!" பிறகு இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கோட்டைக் குலைத்த அதே போட்டி பிரிவை நிரப்பியது. என் புடவையில் சேறு காய்வதற்குள் பன்னிரண்டு பேர். (வகுத்தலுக்கு முழித்த டாக்டர்களும் அதில் உண்டு. அந்த இரண்டு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.) சாய்ந்த நாற்றையெல்லாம், நாற்றங்கால்காரர் திட்டத் திட்ட, சாயங்காலம் வரை உட்கார்ந்து நிமிர்த்திவிட்டோம்.

என் கல்யாணத்துக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னதும் பதினொரு பேர் சொல்லிவைத்த மாதிரி வலது பக்கம் போய் நெருக்கிக்கொண்டார்கள். யாழினி மட்டும் இடது பக்கம், இரண்டு ஆள் இடம் விட்டு நின்றாள். "கிட்ட வாம்மா" என்று போட்டோகிராபர் எவ்வளவோ கூப்பிட்டும் அசையவில்லை.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தனி ஆள் யார் என்று கேட்காமல் போவதில்லை. "அது மைனஸ் மூணு" என்பார் என் கணவர். அதோடு விடுவாரா? நடுவில் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கும் என்னைத் தொட்டுக் காட்டி, "இது எங்க வூட்டுப் பூஜ்யம்" என்பார்.