திறந்து வைக்கப்பட்ட போர்க்கப்பல்

ஆழியூர் நாட்டில் திறப்புவிழா நடக்காத எதையும் யாரும் தொடக்கூடாது. கிணறோ கழிப்பறையோ, அமைச்சர் வந்து நாடாவை வெட்டித் தன் பெயர் பொறித்த கல்வெட்டைப் பதித்த பிறகுதான், எவ்வளவு அவசரமானாலும் உள்ளே போகலாம். அப்பேர்ப்பட்ட நாடு பக்கத்துத் தீவின்மீது போர் தொடுத்தது.

போர்க்கப்பலின் பொறியாளர் மருதவாணன். போரை நேரில் கண்டு எழுதித் தரவேண்டும் என்பதும் அவருக்கு அரச கட்டளை. தலைப்பை அரண்மனையே கொடுத்துவிட்டது: 'வெற்றிப் பயணம்'. மனிதருக்கு இருந்த கவலையோ வேறு. மாலுமிகளில் ஒருவன் அவர் மைத்துனன் குமரவேள். தம்பி இல்லாமல் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

துறைமுகம் தாண்டியதுமே அடித்தட்டில் நீர் கசிந்தது. மருதவாணன் அடைத்தார். கப்பலில் கூடவே வந்த திறப்புவிழா அமைச்சர் பேரின்பனார் விடுவாரா? அந்த அடைப்புக்கும் விழா எடுத்தார். கல்வெட்டுகளைச் சுமந்து பின்னால் வந்த தோணிகளிலிருந்து ஆளுயரக் கருங்கல் ஒன்று ஏறியது. பாரத்தில் கப்பல் தாழ்ந்து இன்னோர் இடத்தில் கசிந்தது. அதற்கும் அடைப்பு, அதற்கும் கல். இப்படியே போனது.

"ஐயா, கல்லை இறக்கலேன்னா கப்பல் தாங்காது."

"கப்பல் இன்னொண்ணு கட்டிக்கலாம்ப்பா. கல்வெட்டை எடுத்தா வரலாறு என்னாகும்?"

தீவு கண்ணில் பட்டபோது மேல்தட்டிலேயே அலை புரண்டது. எதிரிகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உத்தரவில்லாமல் இறங்கக்கூடாதென்று மாலுமிகள் முழங்கால் நீரில் நின்றார்கள். மருதவாணன் குமரவேளைப் பார்த்தார். அமைச்சரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, அந்தத் தோணிகளை இன்னும் திறந்து வைக்கலையே."

அமைச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. விழா நடக்காத தோணியையா இத்தனை நாளும் பயன்படுத்தினோம்! உடனே எல்லோரும் காலித் தோணிகளில் ஏறி விழாவில் கலந்துகொள்ள ஆணையிட்டார். அவர் நாடாவை வெட்டவும் கப்பல் முழுகவும் சரியாக இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஊர் திரும்பிய மருதவாணன் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். கோலாகலமான வெளியீட்டு விழா. புத்தகத்தைப் படித்த ஒரே ஆள் அமைச்சர்தான். மரக்கப்பல் கல்லைத் தாங்கவில்லையென்றால் கோளாறு மரத்தில்தான் என்றும், அடுத்த கப்பல் முழுக்கக் கருங்கல்லிலேயே கட்டப்படும் என்றும் மேடையில் அறிவித்தார். மக்கள் கை வலிக்கத் தட்டினார்கள்.

குமரவேள் கலங்கிப்போய், "அத்தான், இதுலயும் நாம போகணுமா?" என்றான்.

"போவோம்டா. இது துறைமுகத்துலயே முழுகிடும். வீட்டுக்குப் பக்கந்தான்."