துடைத்தாலும் போகாத சிவப்பு

அன்புள்ள தம்பி மகனுக்கு,

உன் அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று என் மகள் உறவினர் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். அது தவறு. எனக்குப் புத்தியும், கண்ணாடி போட்டால் பார்வையும், சரியாகவே இருக்கின்றன. தடுமாறியது நீ வடிவமைத்த செயலி. நீயும் உன் மனைவியும் நலம் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு நீ செய்து கொடுத்த செயலியில் முன்பு ஓர் அவசர உதவிப் பொத்தான் இருந்தது. மேலே வெளிர் சிவப்பு, கீழே போகப்போக அடர் சிவப்பு; உப்பலாக, பார்த்ததுமே பொத்தான் என்று தெரியும். வட்டத்துக்கு நிழல் தீட்டினால்தான் அது பந்து என்று கான்வென்டில் ஓவிய சிஸ்டர் எங்களைப் பென்சில் தேயத்தேயப் பழக்கினார். போன வாரம் நீ அந்த நிழலை வழித்தெடுத்துவிட்டாய். பிறகு கேட்டதற்கு, "கிரேடியன்ட் எல்லாம் பழைய ஃபேஷன் அத்தை, இப்ப ஃப்ளாட் கலர்தான் நீட்டா இருக்கும்" என்றாய். மேலிருந்த எழுத்தையும் எடுத்துவிட்டாய். அதுவும் நீட்டுக்காகத்தான் போலிருக்கிறது.

நீ அதை வழித்தெடுத்த மறுநாள் காலை ரொட்டிக்கு ஜாம் தடவிய கையோடு போனை எடுத்தேன், திரையின் அடியில் சிவப்பாக ஒரு பட்டை, ஜாம்தான் என்று துடைத்தேன், போகவில்லை, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன், போகவில்லை, நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே காவலாளி கதவை இடிக்கிறார், பின்னாலேயே ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர், மாடிவீட்டு வக்கீல் பனியனோடு ஓடிவந்து, "அம்மாவுக்கு மூச்சு இருக்கா, பாத்துச் சொல்லுங்கப்பா" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்கிறார். மூச்சு இருக்கிறது, சட்டை போட்டுக்கொண்டு வந்து விசாரியுங்கள் என்றேன்.

இதை வைத்துத்தான் என்னைத் தனியாக விடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டைப் பூட்டி, என்னைத் தன்னோடு கூட்டிப்போகப் போகிறாளாம் மகள். அங்கே நான் எப்போது விளக்கை அணைக்க வேண்டும் என்பதை மாப்பிள்ளை முடிவு செய்வார். நான் என் வீட்டில் இருப்பது இப்போது உன் கையில் இருக்கிறது. தவறு அத்தையுடையதல்ல, பொத்தான் என்றே தெரியாத அந்தப் பட்டையுடையது என்று அவளுக்கு எழுது. நிழலைத் திரும்பக் கொண்டுவந்து வை.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, பார்த்ததும் விளங்கும் பொருள்களோடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் மகளே வந்துவிட்டாள். என் போனை வாங்கி, "என்னம்மா இது, ஸ்கிரீன்ல என்னத்தையோ ஈஷி வச்சிருக்க" என்று கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தாள். அதே இரண்டு பேர் வந்தார்கள். "இந்தத் தடவை யாருக்கும்மா?" என்றார்கள். மகளைக் காட்டினேன். அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்ததாம். பயணம் கூடாது, சில நாள் தனியாகவும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது என் அறையில் படுத்துக்கொண்டு, எதிர்த்துப் பேசாமல் நான் கொடுக்கும் மாத்திரையை விழுங்குகிறாள். ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடு. பட்டை இருக்கிறபடியே இருக்கட்டும். அதை மாற்றப்போவதில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு.