பிள்ளை பெற்றவளிடம் அடையாளம் பார்ப்பவர்

பிரசவம் நடந்த வீட்டுக்குள் முதலில் நுழைவது ஈ. அடுத்து நுழைபவர் அடையாளக்காரர். ஈயைச் சாம்பிராணி போட்டு விரட்டலாம். அடையாளக்காரருக்கு நாற்காலி போட வேண்டும்.

யார் இவர் என்கிறீர்களா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு வந்து, குழந்தையின் மூக்கு யார் சாடை என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, உடனே தாயின் பக்கம் திரும்பி, அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, நகத்தை அழுத்திப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, உச்சந்தலையில் கை வைத்துச் சூடு பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவாரே, அவர்தான். எதைப் பார்த்துக்கொள்வது? அதைச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன மரியாதை?

பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி பேதலிக்குமா பேதலிக்காதா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இவருடைய வித்தை. இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் ஒச்சாயி, பால் பிரிவு. தாய்ப்பாலில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுக் குனிந்து பார்ப்பாள். "நேரா எறங்குனா மனசு நேரா இருக்குன்னு அர்த்தம். பரவுச்சுன்னா புத்தியும் பரவிப் போகும்" என்பாள். பாலும் தண்ணீரும் கலக்கும் துறையில் அவளுக்குள்ள அனுபவத்தை எங்கள் தெருவில் யாரும் சந்தேகிப்பதில்லை.

மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சூசை மாமா, காற்றுப் பிரிவு. எல்லாக் கோளாறும் காது வழியாகத்தான் ஏறுகிறது என்பது அவர் கட்சி.

"அம்பத்து மூணுல எங்க சின்னாயா மக, புள்ள பெத்த ஒம்பதாம் நாளு சன்னலத் தொறந்தா. காதுல பஞ்சு வைக்கல. பத்தாம் நாளு பெத்த தாயப் பாத்து 'நீ யாரு'ங்குறா."

"அந்த வருசம் இலைகூட ஆடலையே மாமா, காத்து எங்கருந்து வந்துச்சு?"

"அதான சொல்றேன்! ஊருக்கே இல்லாத காத்து அவ காதுக்கு மட்டும் வந்துச்சு பாத்தியா?"

இவர்களுக்கெல்லாம் தலைவன் ஒருவன் உண்டு. அடியேன். கதைப் பிரிவு.

பதினெட்டு வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிவருகிறேன். இதுவரை பதினோரு பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகு பைத்தியமாக்கியிருக்கிறேன். ஆகவே அதன் அடையாளங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கூந்தல் அவிழும். கண்கள் வெறிக்கும். காரணம் இல்லாமல் சிரிப்பாள். உடனே மழை பிடித்துக்கொள்ளும். அவள் மழையில் ஓடுவாள். திண்டுக்கல்லில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் வரிசையில் நின்ற கோடையிலும் என் கதாநாயகிகளுக்கு அடைமழை குறைந்ததில்லை. அவளைக் கிணற்று விளிம்பில் நிறுத்திவிட்டு நான் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவேன். 'ஐயா, அவளைக் காப்பாற்றுங்கள்' என்று வாசகிகள் கடிதம் எழுதுவார்கள். மறுவாரம் கணவன் ஓடிவந்து "கண்ணே!" என்பான். அந்த ஒரு சொல்லில் பைத்தியம் தெளிந்துவிடும். இதைவிடச் சுலபமான வைத்தியம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

அறுபத்திரண்டாம் வருடம் என் மகள் செபஸ்தியம்மாள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. மாப்பிள்ளை ராயப்பராஜுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் திங்கட்கிழமை போய்விடுவார். அவள் வீட்டுக்கு வந்த அன்றே அடையாளக்காரர்களும் வந்தார்கள். பால் நேராக இறங்கியது. காதில் பஞ்சு இருந்தது. ஒச்சாயியும் சூசை மாமாவும் தேர்ச்சி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நானும் என் பங்குக்கு அறை வாசலில் நின்று பார்த்தேன். கூந்தல்? எண்ணெய் தடவி இறுக்கப் பின்னியிருந்தது. சிரிப்பு? மருந்துக்கும் இல்லை. ஓட்டம்? கட்டிலை விட்டே இறங்கவில்லை. வானத்திலும் ஒரு பொட்டு மேகம் இல்லை. நூற்றுக்கு நூறு கொடுத்தேன்.

அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: குழந்தை தூங்கும்போது சுவரைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள். குழந்தை விழித்தால், "நீயே வச்சுக்கம்மா, ஒங்கிட்டதான் நல்லாருக்கும்" என்று தாயிடம் கொடுத்தாள். குழந்தைத் துணிகளை மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள். என்ன பொறுப்பு என்று நான் பூரித்துப்போனேன். பூண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தால் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளினாள். பத்தியத்தில் என்ன கட்டுப்பாடு என்று அதற்கும் பூரித்தேன். "எப்புடித்தா இருக்க?" என்று கேட்பேன். "நல்லாருக்கேன்ப்பா" என்பாள். கேட்டுக்கொண்டே நடந்துவிடுவேன் என்பதால் பதில் பெரும்பாலும் முதுகில்தான் விழும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். துணியை மடித்தபடியே, ராத்திரிச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏம்ப்பா, நான் இல்லாட்டியும் இவன் வளந்துருவான்ல?"

ஒரு தகப்பன் அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு என்ன தெரிந்தது, சொல்லட்டுமா? வசனம் தெரிந்தது. அழுகை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை, கேட்டவன் நெஞ்சில் போய்க் குத்துகிற ஒரே வரி! பதினோரு பைத்தியங்களைப் பேசவைத்தும் இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லையே! "வளந்துருவான்த்தா, நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, மறந்துபோவதற்குள் எழுதிவிட மேசைக்கு ஓடினேன்.

என் பதிலைக் கவனித்தீர்களா? வளர்ந்துவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எழுதியதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் என் மனைவி ஆரோக்கியம்மாளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நான் முக்காலியில் உட்கார்ந்து குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். அவள் முந்தானை கண்ணுக்குப் போனால் அத்தியாயம் தேறிவிட்டது. கதைக்காகப் போனதா, வெங்காயத்துக்காகப் போனதா என்று நான் ஆராய்ந்ததில்லை. ஆராய்கிறவன் எழுத்தாளனாக நீடிக்க முடியாது. அன்று வாசித்தேன். முந்தானை அசையவில்லை. உரித்த கை அப்படியே நின்றது.

"இது யாரு சொன்னது?"

"கதாநாயகி."

"அவ இப்புடிப் பேச மாட்டா. ஒரு வார்த்தைக்கு மூணு 'ஐயோ' போடுவா. யாரு சொன்னதுன்னு கேக்குறேன்."

"நம்ம செபஸ்திதான். செத்த முன்னாடி சொல்லுச்சு. எம்புட்டு அழகாருக்கு பாத்தியா?"

அவள் எழுந்தாள். "பெத்த மக சாகட்டுமான்னு கேட்டுருக்கா, இவுகளுக்கு அழகாருக்காம்ல அழகா! பேனாவ மூடிட்டுப் போயி வண்டியக் கூட்டியாங்க."

சொல்லிவிட்டு அவள் மகளின் அறைக்குள் போய்க் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேகம்பூர் முக்கிலிருந்து குதிரை வண்டியோடு திரும்புகிறவரை அவள் அந்தக் கையை விடவில்லை.

வண்டி ஏறும்போது ஒச்சாயி எதிரே வந்தாள். "என்னத்தா, ஆசுபத்திரிக்கா? பாலு நேராத்தான எறங்குச்சு?"

"பாலு எறங்குச்சு ஒச்சாயி. எம்மகளுக்குத் தூக்கம்தான் எறங்கல" என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா செபஸ்தியின் விரல்நுனியில் ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுத்து, ஒரு சின்ன அட்டையில் வரிசையாக அச்சடித்திருந்த சிவப்புகளோடு ஒத்துப் பார்த்தார். அடர்ந்த சிவப்பில் தொடங்கி வெளிறிய சிவப்புவரை இருந்தது. செபஸ்தியின் சொட்டு வெளிறிய பக்கம் போய் நின்றது. எனக்குப் புல்லரித்தது. ஆகா, இவரும் நம் இனம்! அதுவும் அச்சடித்த அட்டை வைத்திருக்கும் பிரிவு!

"டாக்டரம்மா, இந்தச் சேப்ப வச்சு மனசுல உள்ளதச் சொல்லிறலாமா?"

"ரத்தம் கம்மி. அதச் சொல்லலாம். அந்த அசதி மனசையும் சேத்து அமுக்கலாம். ஆனா எந்தப் பொண்ணுக்கு இப்புடி ஆகும்னு முன்னாடியே காட்டுற காகிதம் எங்கிட்ட இல்லங்க. யாராச்சும் கண்டுபிடிச்சா மொத ஆளா வாங்கி வைப்பேன்."

"அதுவரைக்கும் என்ன செய்றது?"

"வாயால கேக்குறது. நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா நான் கேட்டுக்குவேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"புள்ள தூங்குறப்ப ஒனக்குத் தூக்கம் வருதாம்மா?"

"இல்ல."

"எத்தன நாளா?"

"வீட்டுக்கு வந்ததுலருந்து."

"புள்ளையத் தூக்கப் பயமாருக்கா?"

"ஆமா. எங்கையிலருந்து விழுந்துருவானோன்னு. எனக்கு அவன வளக்கத் தெரியாது."

"செத்துப் போகணும்னு தோணுதா?"

என் கதைகளில் எந்த வைத்தியரும் இப்படிப் பச்சையாகக் கேட்டதில்லை. கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதோ? தவிர, தொடர்கதையின் இரண்டாவது வாரமே இப்படி ஒருவர் கேட்டுவைத்தால் நான் மீதி முப்பது வாரத்தை எதை வைத்து நடத்துவது?

செபஸ்தி நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"தோணுது டாக்டரம்மா. இதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கும்மா. தூங்க மருந்து இருக்கு, ரத்தத்துக்கு மருந்து இருக்கு. இங்கயே தங்கு. புள்ள ஒம்பக்கத்துல இருக்கட்டும், ஒங்கம்மா ரெண்டு பேரு பக்கத்துலயும் இருக்கட்டும். ஒன்னயத் தனியா விட மாட்டோம். நாளாகும். ஆனா சரியாப் போகும்."

"நான் என்ன செய்யட்டும்?" என்றேன் நான், தியாகத்துக்குத் தயாரான குரலில்.

"புள்ளத் துணி தொவைக்க ஆள் வேணும்."

ஏழு வாரம் துவைத்தேன். அந்த அத்தியாயம் என்ன ஆயிற்று என்பீர்கள். ஆரோக்கியம்மாள் அதை வைத்து அடுப்புப் பற்றவைத்தாள். நல்ல வரி, நன்றாகப் பிடித்தது. எந்த நாளில் செபஸ்தி தேறினாள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மழை பெய்யவில்லை. ராயப்பராஜ் லீவு போட்டுவிட்டு வந்து, "கண்ணே!" என்று சொல்லாமல், இரண்டு வாரம் அவளுக்குச் சோறு எடுத்துக் கொடுத்தார். சில நாள் சிரித்தாள், மறுநாள் சுவரைப் பார்த்தாள். ஒரு காலை, கொடியில் கிடந்த துணியைக் காட்டி, "இம்புட்டு நீலமாப்பா போடுவாக? எம்புள்ள என்ன கத்திரிக்காயா?" என்று என்னைத் திட்டினாள். இதோ அடையாளம் என்று துள்ளப் போனவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, நின்று கேட்டேன்.

"தூங்குனியாத்தா?"

"நாலு மணி நேரம் தூங்குனேன்."

"அந்த நெனப்பு?"

"நேத்து வந்துச்சு. அம்மாகிட்டச் சொன்னேன்."

இந்த மாதிரி ஒரு பேச்சை வைத்துத் தொடர்கதை நடத்த முடியாது. வீடு நடத்தலாம்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது, செபஸ்தி கதறி அழுது என் மார்பில் சாய்வாள், நான் தேம்புவேன், ஆரோக்கியம்மாள் மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தீர்களா? அவள் "மருந்து இருக்கா" என்று மட்டும் கேட்டது கொஞ்சம் சப்பென்று இருந்ததா? வெட்கப்படாதீர்கள், எனக்கும் இருந்தது. ஆனால் உங்கள் தெருவிலும் இந்த மாதம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கும். நீங்கள் போவீர்கள். அவள் கண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இல்லை என்றதும், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று திரும்புவீர்கள். வாசலில் இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். நான்தான். சேர்ந்தே போகலாம், அல்லது, நீங்களாவது திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து அவளைக் கேளுங்கள்.