மாமனார் வாங்கித் தந்த எஞ்சின்

சாப்பாட்டு மேஜை மேல் விமானம் மூக்குக் குப்புறக் கிடந்தது. கணக்கர் அதைப் பார்த்தபடியே நின்றார். ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் அந்தச் சின்ன விமானத்துக்கு மாமனார் ஆசையாகப் பெரிய எஞ்சின் வாங்கிக் கொடுத்திருந்தார். பொருத்தியாகிவிட்டது. அதன் கனத்தில் தலை தொங்கிவிட்டது.

வாலில் ஈயக்கட்டியை ஒட்டினார். தலை நிமிர்ந்தது, கால்கள் வளைந்தன. தடித்த கம்பியில் புதுக் கால்கள் செய்தார். பெரிய எஞ்சினுக்குப் பெரிய விசிறி வேண்டுமே, அது தரையைத் தட்டியது. கால்களை நீட்டினார். இப்போது விமானம் கொக்கு மாதிரி நின்றது. தினமும் ஆபீஸில் கணக்கோடு மாரடித்துவிட்டு வந்து இந்தக் கூத்து. மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கே குடிபெயர்ந்துவிட்டாள்.

"முடியலைன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்களேன்."

"ரிட்டயர் ஆன மனுஷன். அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். எந்த வாயால சொல்றது?"

கணக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

ஞாயிறும் வந்தது. மாமனாரும் மருமகனும் வழக்கம்போல் ஊருக்கு வெளியே மேட்டில் ஏறினார்கள். எஞ்சின் மர அறுவை மில்லைப் போல அலறியது. விமானம் தத்தித் தத்தி ஓடி, எழும்பி, நேராக வானத்தைப் பார்த்துப் போனது. கணக்கர் கையிலிருந்த கருவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அது யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. இறக்கைகள் உதறின. பிறகு ஒன்று தனியாகக் கழன்றது. மிச்சம் மேட்டடியில் இருந்த குட்டைக்குள் தொபுக்கென்று விழுந்து முழுகியது.

தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு. உடனே வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் மாமனார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் கணக்கர் அப்படிச் சொல்லித் தொலைத்தார்.

"கவலைப்படாதீங்க மாமா. இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்."

மாமனார் "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார் கணக்கர். இனி எத்தனை ஞாயிறு, எத்தனை கால், எத்தனை வால் என்று நினைக்கவே அலுப்பாக இருந்தது. அப்போது போன் அடித்தது. மாமியார். குரலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம் மாப்பிள்ளை. அந்தப் புது விமானத்தை மட்டும் வாங்கிடாதீங்க. உங்க மனசு நோகக்கூடாதேன்னுதான் மனுஷன் இத்தனை நாளா முட்டி வலியோட உங்க பின்னாடி மேடு ஏறிட்டிருக்கார்."